எட்டாம் கட்டில்காரர் குடிக்கிறதில்ல

போட்டுக்குடுக்கவா வந்தேன்? ஐயோ தங்கச்சி, அப்படியெல்லாம் நெனைக்காதீங்க. நர்சு மிஸ்ஸி யாரும் என்னைய அனுப்பல. நான் இந்த வாட்டுல கூட்டித் தொடைக்கிறவ, லெச்சுமின்னு பேரு. ஒங்க வீட்டுக்காரரக் கொண்டாந்தப்ப கட்டிலுக்கு விரிப்பு போட்டது நான்தான். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, அவரப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. அப்ப மிஸ்ஸி சிங்களத்துல கேட்டிச்சில்ல, பொனவாதன்னு? குடிப்பாரான்னு? அது கேட்டு வாய மூடல, நீங்க பொன்னே நேன்னுட்டீங்க. குடிக்கவே மாட்டாருன்னு. அந்த வேகத்தப் பாத்துத்தான் வந்து ஒக்காந்தேன்.

இல்லிங்க, வாடைய வச்சு சொல்லல. நல்லா வெத்தல போட வச்சுத்தான் கூட்டியாந்திருக்கீங்க. நான் கையப் பாத்தேன். தண்ணி கேட்டாருன்னு கோப்பையில குடுத்தேன். ஒத்தக் கையில வாங்குனாரு, ஆட்டம் தாங்கல, மத்தக் கையவும் சேத்துப் புடிச்சாரு. அப்பவும் பாதி சட்டையில போச்சு. காலையில பத்து மணிக்கே இப்படின்னா நாளைக்கு இந்நேரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

சரி சரி, எந்திரிக்காதீங்க. எனக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லி என்னா ஆகப்போவுது, நானா மருந்து குடுக்கப்போறேன்? டாக்டரு பன்னெண்டு மணிக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் ஒங்களையும் உள்ள விடமாட்டாங்க. ஒரு ஆளப் பத்தி சொல்றேன், சும்மா கேட்டுக்கிட்டிருங்க.

முத்துவீரன்னு பேரு. அஞ்சு வருசம் இருக்கும். சண்டைய நிப்பாட்டிட்டாங்க, சமாதானம் வரப்போவுதுன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டிருந்த காலம். இதே வாட்டுல எட்டாம் கட்டில்ல இருந்தாரு. கேகாலைக்கு அங்கிட்டு ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற ஆளு. சம்சாரம் பேரு ஜீவராணி. அது ஹட்டன் பக்கமிருந்து கலியாணம் கட்டி வந்த புள்ள. அங்கயெல்லாம் சுத்தி நம்மாளுகதானே, சிங்களம் தேவைப்படல. நாலு வார்த்தைக்கு மேல தெரியாது. ஒரே மகளு, அப்ப எட்டாம் வகுப்பு படிச்சிக்கிட்டிருந்திச்சு. இந்தப் பெஞ்சியில ஒக்காந்துதான் ஜீவராணி எனக்கு எல்லாக் கதையும் சொல்லிச்சு.

ஒங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கே, அதே சீக்குதான் அவருக்கும். சில மாசம் ஆளக் கையில புடிக்க முடியாது. மத்தவங்க எந்திரிக்கிறதுக்கு முந்தியே போயி தன் மரத்தையெல்லாம் வெட்டிட்டு, அடுத்த ஆளு மரத்தையும் வெட்டிருவாரு. கங்காணி சத்தம் போட்டா சிரிப்பாரு. ஒருக்கா தொரை ஆபீசுக்குப் போயி, தொரையோட நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, ஃபெக்டரிய எப்படி நடத்தணும்னு கணக்கப்புள்ளைக்குப் பாடம் எடுத்திருக்காரு. இன்னொருக்கா லயத்து வீடுகளுக்கு முன்னால கெணறு வெட்டுறேன்னு எறங்கிட்டாரு. மூணு நாளு பொட்டுத் தூக்கம் இல்லாம ஒத்த ஆளா வெட்டியிருக்காரு. தண்ணி எங்க வரப்போவுது? பாறைதான் வந்திச்சு. அந்தக் குழிக்குள்ள நின்னுக்கிட்டே போற வர்றவங்கள எல்லாம் குடத்த எடுத்துக்கிட்டு வரிசையா வாங்கன்னு கூப்பிட்டாராம். லயத்துப் புள்ளைக சிரிச்சிச்சிக. ஜீவராணியும் சிரிச்சிருக்கு. சிரிச்சிட்டு உள்ள போயி அழுதிருக்கு.

ஆமாங்க, ஒங்க வீட்டுலயும் அப்படித்தானா? நெனைச்சேன்.

அப்புறம் ஒரு நாளு அப்படியே எறங்கிரும். செவுத்தப் பாத்துப் படுத்தாருன்னா படுத்ததுதான். காலையில பேரு குடுக்கிற பெரட்டுக்குப் போறதில்ல, குளிக்கிறதில்ல, பேசுறதில்ல. மகளு கிட்ட வந்து அப்பான்னு கூப்பிட்டா கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துமாம். பேயி புடிச்சிருக்குன்னாங்க, யாரோ செஞ்சு வச்சிட்டாங்கன்னாங்க. கயிறு கட்டி, எலுமிச்சங்கா வெட்டி, எல்லாம் பாத்தாச்சு.

அதுக்கு எடையிலதான் குடி. ஏறி நிக்கிற நேரத்துல தூக்கம் வரட்டும்னு குடிப்பாரு. எறங்கிப் படுத்துட்டா, எந்திரிச்சு வேலைக்குப் போகணுமேன்னு குடிப்பாரு. கசிப்புதான், வேற என்னா? ஓடையோரத்துல காச்சுறாங்க. அந்த எடத்துல மட்டும் சிங்கள ஆளு தமிழ் ஆளுன்னு ஒரு வித்தியாசமும் கெடையாது. ஜீவராணிக்கு எது சீக்கு, எது குடின்னு பிரிச்சுப் பாக்கவே தெரியல. நெறைய பேசுனா குடிச்சிருக்காருன்னு நெனைக்கும். பாத்தா அன்னைக்குக் குடிச்சிருக்க மாட்டாரு. பேசாம படுத்திருந்தா சீக்குன்னு நெனைக்கும். பாத்தா குடிச்சிட்டுக் கெடப்பாரு.

கண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு பெரிய டாக்டருக்கிட்ட காட்டியிருக்காங்க. அவருதான் இது பேயுமில்ல பிசாசுமில்ல, மூளையில வர்ற சீக்குன்னு சொல்லி, லித்தியம்னு ஒரு மாத்திர குடுத்தாரு. ரெண்டு வருசம் அதக் குடிச்சிக்கிட்டு ஒழுங்கா இருந்தாரு. மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வட்டாரி, கொம்பாசு எல்லாம் தானே போயி வாங்கியாந்திருக்காரு. அப்புறம் நல்லாயிட்டேன், இனி எதுக்கு மாத்திரன்னு விட்டாச்சு. அந்த மாத்திரைக்கு நெறைய தண்ணி குடிக்கணும், உப்பு வேணும், ஒழுங்காச் சாப்பிடணும், அடிக்கடி ரெத்தம் எடுத்துப் பாக்கணும். கசிப்ப ஊத்திக்கிட்டு சோறு தண்ணி இல்லாம கெடந்தா அந்த மாத்திரையே வெசமாயிரும். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. இப்ப தெரியும். மிஸ்ஸிமாருகிட்ட ஒண்ணு ஒண்ணாக் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒனக்கு எதுக்கு இதெல்லாம்னு கேப்பாங்க. சும்மாதான் மிஸ்ஸின்னுருவேன்.

ஒரு திங்கக்கெழம காலையில தோட்டத்து லொறியிலதான் அவரக் கொண்டாந்தாங்க. ஏறி நிக்கிற நேரம். வாட்டுக்குள்ள வந்ததும் மிஸ்ஸிமாரு எல்லாத்தையும் மகாராணி மகாராணின்னு கும்பிட்டாரு. பாட்டு என்னா, சிரிப்பு என்னா. நாலஞ்சு நாளா ஒரு வாய் சோறு உள்ள போகல. ஆளு எலும்பும் தோலுமா இருந்தாரு, ஆனா அந்த மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். ஜீவராணி வெள்ளையில நீலப் பூப் போட்ட சீல கட்டி, தலைய நல்லா வாரி, நெத்தியில பொட்டு வச்சு வந்திருந்திச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம், நம்மள ஒரு மாதிரி பாத்துரக்கூடாதுன்னு நெனைச்சிருக்கும். நீங்ககூட நல்ல சீலதான் கட்டி வந்திருக்கீங்க.

அன்னைக்கு டாக்டரு வந்தாரு, சின்ன வயசு, நல்ல மனுசன். பெரிய மிஸ்ஸி நின்னிச்சு. அவங்களுக்குப் பின்னால மிஸ்ஸிக்குப் படிக்கிற புள்ளைக பத்துப் பேரு, கையில கொப்பியோட வரிசையா. எத்தன நாளாத் தூங்கலன்னு கேட்டாங்க. என்னா மாத்திர, எப்ப விட்டாருன்னு கேட்டாங்க. யாரையாவது அடிச்சாரா, சாகணும்னு எப்பவாவது சொல்லியிருக்காரான்னு கேட்டாங்க. குடிப்பாரான்னும் கேட்டாங்க. இல்லன்னு பதில் போச்சு. கட்டில்ல மாட்டுற டிக்கட்டுல எழுதிட்டாங்க. அந்தப் புள்ளைகளும் கொப்பியில எழுதிக்கிச்சிக. அவ்வளவுதான். டிக்கட்டுல ஒண்ண எழுதிட்டா அதுக்குப் பொறவு வர்ற ஆளுக எல்லாம் அதத்தானே பாப்பாங்க.

அதனால வெறும் மனசுச் சீக்குக்கு மட்டும் வைத்தியம் பாத்தாங்க. அடங்குறதுக்கு ஊசி போட்டாங்க. சாப்பிடாத ஆளாச்சேன்னு சேலைன் ஏத்துனாங்க. சீனித் தண்ணி கலந்த சேலைன். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது தங்கச்சி. டிக்கட்டுல இருக்கிறதுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சாங்க.

செவ்வாக்கெழம கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. வேத்துக் கொட்டுது. வாந்தி. ஊசி ஒத்துக்கலையோன்னு பாத்தாங்க. பழைய மாத்திர ஒடம்புல நிக்குதோன்னு ரெத்தம் எடுத்து அனுப்புனாங்க. துள்ளி எந்திரிக்கிறாரு, படுக்குறாரு, எந்திரிக்கிறாரு. சீக்கு கூடிக்கிட்டுப் போவுதுன்னு இன்னொரு ஊசி.

புதன்கெழம காலையில நான் வாளியோட உள்ள போறேன், அவரு கட்டில் கம்பியில பால் வெட்டிக்கிட்டிருக்காரு. ஆமாங்க. கையில ஒண்ணுமில்ல. ஆனா கத்தி புடிக்கிற மாதிரியே புடிச்சு, கம்பிய அணைச்சுக்கிட்டு, சரிவா இழுத்து வெட்டுறாரு. ஒரு கம்பி முடிஞ்சதும் அடுத்த கம்பி. விரிப்பு நுனியச் சுருட்டி பால் புடிக்கிற செரட்ட மாதிரி வச்சுக்கிட்டு பால் வடியுதான்னு குனிஞ்சு பாக்குறாரு. எறும்பு ஏறுது எறும்பு ஏறுதுன்னு கையத் தட்டித் தட்டி விடுறாரு. என்னா சொல்றாருன்னு ஒரு மிஸ்ஸி என்கிட்ட கேட்டிச்சு. பெரட்டு ஆயிருச்சான்னு கேக்குறாரு, வேலைக்கு நேரமாயிருச்சுங்கிறாருன்னேன். அது பாவம், கண்ணு கலங்கிருச்சு.

அன்னைக்குப் பத்து மணி போல வலிப்பு வந்திருச்சு. நட்ட நடு வாட்டுல, கட்டில்லருந்து எகிறிக் கீழ விழுந்தாரு. நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரெத்தம். பெரிய மிஸ்ஸி அந்த வயசுல ஓடி வந்து தரையில ஒக்காந்து, ஆள ஒருக்களிச்சுத் திருப்பி, தலைய மடியில வச்சுக்கிட்டு, சுத்தி நிக்கிறவங்கள எல்லாம் தள்ளச் சொல்லிச்சு. நிக்கும், திரும்ப வரும். நிக்கும், வரும். மூணு தடவ.

மத்தியானம் பாக்க வர்ற நேரத்துல அவருகூட வேல செய்யுற ஆளு ஒருத்தர் வந்தாரு, சிங்கள ஆளு. வாசல்ல நின்னு பாத்துட்டு பெரிய மிஸ்ஸிகிட்ட சொல்றாரு, பாவம் நோனா, சனிக்கெழமகூட எங்ககூடத்தானே குடிச்சான், தெனம் ஒரு போத்தலுக்குக் கொறையாம குடிப்பானேன்னு.

பெரிய மிஸ்ஸி டிக்கட்ட எடுத்து, அன்னைக்கு எழுதுனதத் திரும்பப் படிச்சிச்சு. நான் அந்த மொகத்தப் பாத்தேன். அப்புறம் பாருங்க, ஒரே ஓட்டம். டாக்டருக்கு ஆளு போவுது, வேற ஊசி வருது, வேற மருந்து வருது. குடிக்கிறவங்களுக்கு ஒடம்புல ஒரு விட்டமின் இல்லாமப் போயிருமாம். அத மொத ஊசியாப் போட்டுட்டுத்தான் சீனித் தண்ணி ஏத்தணுமாம். முந்தி ஏத்துனா மூளையப் புடிச்சிக்கிருமாம். அவருக்கு ரெண்டு நாளு முந்தியே ஏத்தியாச்சு.

அதுக்குப் பொறவு பத்து நாளு பெரிய மிஸ்ஸி அவரப் பாத்த மாதிரி, பெத்தவகூடப் பாத்திருக்க மாட்டா. கட்டில ஜன்னலோரத்துக்கு மாத்திச்சு. ஒரே மிஸ்ஸிதான் பாக்கணும், மாறி மாறி மொகம் தெரிஞ்சா பயப்படுவாருன்னு சொல்லிச்சு. மணிக்கொருக்கா ரெண்டு கையவும் நீட்டச் சொல்லி நடுக்கத்தப் பாத்து எழுதும். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இன்னைக்கு வெள்ளிக்கெழம, பயப்படாதீங்கன்னு என்னையக் கூப்பிட்டுத் தமிழ்ல சொல்லச் சொல்லும். கட்டி வைக்க விடல. ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிச்சு. குடிச்ச தண்ணிய அளந்து, ஒண்ணுக்குப் போனத அளந்து, எல்லாம் எழுதிச்சு.

உசுரு தப்பிருச்சிங்க. ஆமா, தப்பிருச்சு.

ஆனா ஆளு திரும்பி வரல. கண்ணு ரெண்டும் ஆடிக்கிட்டே இருந்திச்சு, கொஞ்ச நாள்ல அது நின்னுச்சு. கால அகட்டி வச்சு நடந்தாரு, அதுவும் கொஞ்சம் சரியாச்சு. ஞாபகம்தான் போயிருச்சு. பழசெல்லாம் இருக்கு. கலியாணம் கட்டுனது, மொத மொதல்ல கத்தி புடிச்சது எல்லாம் சொல்லுவாரு. இன்னைக்கு நடக்கிறது நிக்காது. இப்பத்தான் சோறு தின்னிருப்பாரு, சோறு இல்லையாம்பாரு. நேத்து எங்க போனீங்கன்னு கேட்டா, ரம்புக்கனைக்குப் போயி ரயில்ல ஏறிக் கொழும்புக்குப் போயிட்டு வந்தேம்பாரு. பொய்யில்ல, அவருக்கு அது நெசம். மகளு இப்ப வளந்து பெரிய புள்ளையாயிருச்சு. அதப் பாத்து, யாரு புள்ளம்மா நீங்க, எங்க மகளு பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம், ஒக்காருங்கங்கிறாரு. அந்தப் புள்ளையும் சரிங்கன்னு ஒக்காந்திருக்கும்.

குடியா? இப்ப ஒரு சொட்டுக் கெடையாது. அந்த நெனப்பே அவருக்கு இல்ல.

அழாதீங்க தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னும் எதுவும் ஆகல. அதுக்குத்தானே இதச் சொல்றேன். இப்பச் சொன்னா எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. ஊசியப் போட்டுட்டு, நடுக்கத்துக்கு மாத்திர குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கிட்டு வருவாங்க. அதுக்குப் பொறவு மனசுச் சீக்குக்குப் பாப்பாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் ரெண்டும் அடங்கும். ஒண்ண மட்டும் பாத்தா மத்தது வந்து இழுத்து விட்டுரும். இந்த அஞ்சு வருசத்துல நானே எத்தன பேரப் பாத்திருக்கேன், நல்லபடியா நடந்து வீட்டுக்குப் போனவங்கள.

என்னாத்துக்குப் பயப்படுறீங்க? தொரத்தி விட்டுருவாங்கன்னா? விடமாட்டாங்க. தோட்டத்துக்குத் தெரிஞ்சு பேர வெட்டிருவாங்கன்னா? இங்க எழுதுறது தோட்டத்துக்குப் போகாது. அதுவும் இல்லையா? ஓ. வெக்கமா இருக்கா.

ம். அது இருக்கத்தான் செய்யும்.

எவ்வளவு குடிப்பாரு? இருங்க, என்கிட்ட சொல்லாதீங்க. காலையிலயுமா? சரி, அதையும் மிஸ்ஸிகிட்டயே சொல்லுங்க. கடைசியா எத்தன மணிக்குக் குடிச்சாரு, அதுதான் முக்கியம். அத ஒழுங்கா ஞாபகப்படுத்தி வச்சுக்கங்க.

நான் வந்து சொல்லவா? வேணாங்க. எனக்கு நல்லாத்தான் சிங்களம் வரும். சின்ன வயசுலருந்தே வரும், கேக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதனாலதான் அந்தக் காலத்துல தமிழ் ஆளு வந்தா லெச்சுமியக் கூப்பிடுன்னுதான் பேச்சு. வாட்டுல தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸி ஒருத்தரும் இருக்கல. வெளக்கமாத்தச் சாத்தி வச்சிட்டு, கையச் சீலையில தொடச்சிக்கிட்டுப் போயி டாக்டருக்குப் பக்கத்துல நிப்பேன். பெருமையாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. இப்ப நிக்கிறதில்ல. முடியாதுன்னுட்டேன். இப்ப ஸுலைஹா மிஸ்ஸி இருக்கு, மாவனல்ல புள்ள. முஸ்லிம் புள்ள, வீட்டுல பேசுறதே தமிழ்தான். பதினொரு மணிக்கு அது ட்யூட்டி. அந்தா, ஜன்னல் வழியாப் பாருங்க, தலைய முக்காடு போட்ட மாதிரி மூடிக்கிட்டு நிக்குதே, அதுதான். நேரா அதுகிட்டப் போயி ஒங்க வாயாலயே சொல்லுங்க. நடுவுல யாரும் வேணாம்.

ஏன்னா கேக்குறீங்க?

ஜீவராணி மறைக்கல தங்கச்சி. அன்னைக்கு அந்தப் பத்துப் புள்ளைக முன்னால டாக்டரு கேட்டப்ப, அது ஒளிக்காம மறைக்காம எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிச்சு. தெனம் ஒரு போத்தலுங்க, நேத்துக் காலையிலகூட கால் போத்தல் குடிச்சாரு, அதுக்குப் பொறவு இல்ல, இதையும் எழுதிக்கச் சொல்லுங்க அக்கான்னு சொல்லிச்சு. அது சொல்லி முடிஞ்சு நான் சிங்களத்துல சொல்லப்போறேன், அந்தப் புள்ளைகள்ல ஒண்ணு பக்கத்துல இருந்ததுகிட்ட காதுல சொல்லிச்சு, இதென்ன கேக்கணுமா, தோட்டத்து ஆளுன்னாலே கசிப்புதானேன்னு. ரெண்டும் சிரிச்சிச்சிக. எனக்குக் கேட்டிருச்சு. எங்கப்பா அவரு ஆயுசுல அதத் தொட்டதில்ல தங்கச்சி. அவர மூச்சு முட்டுதுன்னு வேற ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனப்ப, குடிச்சிட்டு வந்திருக்கான், போட்டு வைன்னு ஓரமா போட்டு வச்சாங்க. நான் ஜீவராணியப் பாத்தேன். அந்தச் சீல, அந்தப் பொட்டு. ஒரு ஆளாவது நம்மாளு குடிக்காத ஆளா இருக்கட்டுமேன்னு தோணுச்சு. பொன்னே நேன்னு சொல்லிட்டேன். ரெண்டே வார்த்த.

அப்பக்கூட அவ்வளவு பெரிசாத் தெரியல. கம்பியில பால் வெட்டுறதப் பாத்தப்பத்தான் தெரிஞ்சிச்சு. லயத்துல ஒருத்தர் குடிய விட்ட மூணாம் நாளு அதே மாதிரி கையாட்டிக்கிட்டு இருந்தத நான் பாத்திருக்கேன். எனக்குப் புரிஞ்சிருச்சு. பெரிய மிஸ்ஸி எட்டடி தள்ளித்தான் நின்னிச்சு. போயிச் சொல்லியிருக்கலாம். சொன்னா அன்னைக்கு ஏன் மாத்திச் சொன்னேன்னு கேக்கும், வேல போயிரும், அந்தப் புள்ளைக இன்னும் சிரிக்கும். வாளிய எடுத்துக்கிட்டு கக்கூசு கழுவப் போயிட்டேன். கழுவிட்டு வர்றேன், அவரு தரையில கெடக்குறாரு.

இன்னொண்ணும் இருக்கு. வலிப்பு நின்ன அன்னைக்குச் சாயந்தரம் டாக்டரு ஜீவராணியக் கூப்பிட்டாரு. அந்த நல்ல மனுசன் அன்னைக்குக் கோவத்துல சத்தம் போட்டாரு. ஏன் மறைச்ச, ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த மனுசனக் காப்பாத்தியிருப்பேனே, ஒன் புருசன் மேல ஒனக்கு அக்கறையே இல்லையான்னு கேட்டாரு. அதத் தமிழ்ல சொல்ல நான்தானே நிக்கிறேன். டாக்டரு என்னா சொல்றாரு அக்கான்னு அது என் மொகத்தப் பாக்குது. ஒங்க வீட்டுக்காரரக் காப்பாத்த எங்களால முடிஞ்ச எல்லாம் செய்யுறோம், தைரியமா இருங்கன்னு சொல்றாரும்மான்னேன். அது ரெண்டு கையவும் எடுத்து அவரக் கும்பிட்டிச்சு. செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேக்குதுன்னு நெனைச்சு அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

தெரியாதுங்க. ஜீவராணிக்கு இன்னை வரைக்கும் தெரியாது. பெரிய மிஸ்ஸியும் தெரியாமலே பென்சன் வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. மாசத்துல மூணாவது புதன்கெழம ஜீவராணி க்ளினிக்குக்கு அவரக் கூட்டிக்கிட்டு வரும். வந்தா என்னையத் தேடிப் புடிச்சு, வெளஞ்ச பலாக்கொட்டையோ, ஈரப்பலாக்காயோ கையில குடுக்காமப் போகாது. நீங்க இல்லாட்டி அந்தப் பாஷ தெரியாத எடத்துல நான் என்னா அக்கா பண்ணியிருப்பேன்னு சொல்லும். நானும் வாங்கிக்கிறேன்.

ஒங்ககிட்டதான் மொத மொதல்ல சொல்றேன். நாளைக்குத்தான் மூணாவது புதன்கெழம, அது வரும். சொல்லணும்னுதான் இருக்கேன். ஒவ்வொரு மாசமும் சொல்லணும்னுதான் இருக்கேன்.

போங்க தங்கச்சி, ஸுலைஹா மிஸ்ஸி தனியாத்தான் நிக்குது. போயிச் சொல்லுங்க.